கவராயம் ஒன்றே கருவியாக

வட்டமான பலகையின் நடுவில் துளையிட வேண்டுமானால் தச்சர் மூலைமட்டத்தை எடுக்கிறார். அதன் செங்கோண முனையைப் பலகையின் விளிம்பில் பொருத்தி, இரு கைகளும் விளிம்பை வெட்டும் இடங்களைக் குறித்து, அவற்றைக் கோட்டால் இணைக்கிறார். மூலைமட்டத்தை வேறோர் இடத்தில் வைத்து மீண்டும் ஒரு கோடு போடுகிறார். இரு கோடுகளும் சந்திக்கும் இடம் பலகையின் மையம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்னும் தேற்றம் அவர் கையில் தொழிலாக விளங்குகிறது. வகுப்பறையில் கற்கும் வழி சற்று வேறானது. இரண்டு நாண்களை வரைந்து, அவற்றின் மையக்குத்துக்கோடுகள் வெட்டும் புள்ளியை மையம் என்கிறோம். ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிடு, தம் வடிவியல் நூலின் மூன்றாம் பகுதியை வட்டத்தின் மையம் காணும் கணக்கைக் கொண்டே தொடங்கினார்.

இந்த வழிகள் அனைத்திற்கும் நேர்க்கோடு தேவை. அளவுகோலும் மூலைமட்டமும் இல்லை, கையில் இருப்பது கவராயம் மட்டுமே என்றால் மையத்தைக் கண்டுபிடிக்க இயலுமா? ஒரு நேர்க்கோடுகூட வரையாமல் வட்டங்களைக் கொண்டே அதனைக் காட்ட முடியும் என்று 1797ஆம் ஆண்டு ஒரு நூல் அறிவித்தது. அதனை எழுதியவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த லொரென்சோ மாஸ்கெரோனி. அவர் சமயத் துறவி, கவிஞர், கணிதப் பேராசிரியர்.

பெர்காமோவும் பாவியாவும்

வட இத்தாலியின் லொம்பார்தியா சமவெளி முடிந்து மலையடிவாரம் தொடங்கும் இடத்தில் பெர்காமோ நகரம் அமைந்துள்ளது. அதன் அருகிலுள்ள கஸ்தஞேத்தா என்னும் சிற்றூரில் 1750ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் மாஸ்கெரோனி பிறந்தார். சமயக் கல்வி பயின்று இளமையிலேயே குருப்பட்டம் பெற்றார். அவர் முதலில் ஆசிரியராகக் கற்பித்தவை கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் அணியியலும் ஆகும். கணிதத்தை அவர் பின்னரே நாடினார். 1778ஆம் ஆண்டு முதல் பெர்காமோவின் குருமடத்தில் இயற்பியலும் கணிதமும் கற்பித்தார். கவிதையைக் கற்பித்துவந்த ஒருவர் முப்பது வயதை நெருங்கும்போது கணிதத்திற்கு மாறுவது இன்று அரிதாகத் தோன்றலாம். அக்கால இத்தாலியில் இவ்விரு துறைகளுக்கும் இடையே இன்றுள்ள அளவுக்கு உயர்ந்த சுவர் எழும்பியிருக்கவில்லை.

கட்டடங்களின் வளைவுகளும் கவிமாடங்களும் சரியாமல் நிற்பது எவ்வாறு என்பதை ஆராய்ந்து 1785ஆம் ஆண்டு அவர் ஒரு நூலை வெளியிட்டார். கல்லின் எடை வளைவின் வழியே எவ்வாறு இறங்குகிறது, எந்த இடத்தில் பிளவு தோன்றக்கூடும் என்பன அதன் பொருள். அந்நூல் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. அடுத்த ஆண்டே பாவியா பல்கலைக்கழகம் அவரை இயற்கணிதம், வடிவியல் ஆகியவற்றின் பேராசிரியராக அமர்த்தியது. பின்பு 1789ஆம் ஆண்டில் அவர் அப்பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

பாவியா அப்போது ஐரோப்பாவின் சிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்று. பின்னாளில் மின்கலத்தை உருவாக்கிய அலெசாந்த்ரோ வோல்ட்டா அங்கே இயற்பியல் கற்பித்தார். உயிரியலில் லாசரோ ஸ்பல்லன்சானியும் உடற்கூற்றியலில் அந்தோனியோ ஸ்கார்ப்பாவும் பணியாற்றினர். இத்தகைய அறிஞர் நடுவே மாஸ்கெரோனி தம் கவிதையைக் கைவிடவில்லை. பெர்காமோவைச் சேர்ந்த கவிஞரான பவோலினா கிரிஸ்மொந்தி என்னும் சீமாட்டி, இலக்கிய வட்டத்தில் லெஸ்பியா சிதோனியா என்னும் புனைபெயரால் அறியப்பட்டார். அவரைப் பாவியாவிற்கு வருமாறு அழைக்கும் பாங்கில் 1793ஆம் ஆண்டு மாஸ்கெரோனி ஒரு நீண்ட பாடலை வெளியிட்டார். பல்கலைக்கழகத்தின் இயற்கைப் பொருட்காட்சி, உடற்கூற்றுக்கூடம், இயற்பியல் கருவிகள், தாவரத்தோட்டம் ஆகியவற்றின் ஊடே அப்பாடல் விருந்தினரை அழைத்துச் செல்கிறது. தலைவன் ஒருவனிடம் ஆற்றுப்படுத்தும் இலக்கியம் தமிழில் உண்டு. அருங்காட்சியகத்திற்கு ஆற்றுப்படுத்துவது மாஸ்கெரோனியின் புதுமை. இத்தாலிய இலக்கிய வரலாற்றில் அவருக்கு இடம் பெற்றுத் தந்தது இந்தப் பாடலே.

முப்பத்திரண்டு தசம இடங்கள்

பேராசிரியராக இருந்தபோது அவர் செய்த மற்றொரு பணியும் அவர் பெயரை நிலைநிறுத்தியுள்ளது. ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று எனப் பின்னங்களைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எல்லையின்றி வளரும்; ஆனால் மிக மெதுவாக வளரும். மடக்கை எனப்படும் சார்பும் ஏறத்தாழ அதே வேகத்தில் வளர்கிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மட்டும் ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கி நிற்கிறது. அவ்வெண் 0.5772156649 எனத் தொடங்கும். அதனை முதலில் ஆராய்ந்தவர் ஆய்லர். அவர் அதனை 16 தசம இடங்கள் வரை கணித்திருந்தார். ஆய்லரின் நுண்கணித நூலுக்கு 1790ஆம் ஆண்டு விளக்கக் குறிப்புகள் வெளியிட்ட மாஸ்கெரோனி, அவ்வெண்ணை 32 இடங்கள் வரை கணித்துக் கொடுத்தார். எல்லாம் தாளில், இறகுப் பேனாவால் செய்த கணக்கு.

1809ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் சோல்ட்னர் அதே எண்ணைக் கணித்தபோது, மாஸ்கெரோனியின் விடையிலிருந்து அவரது விடை இருபதாம் இடத்தில் விலகியது. யார் கணக்குச் சரி? கௌஸ் என்னும் பெருங்கணித மேதை நிக்கோலாய் என்னும் இளைஞரைக் கொண்டு 1812ஆம் ஆண்டு 40 இடங்கள் வரை மறுபடியும் கணக்கிடச் செய்தார். சோல்ட்னரே சரி என்பது உறுதியாயிற்று. மாஸ்கெரோனி கொடுத்தவற்றுள் முதல் 19 இடங்களே பிழையற்றவை. எனினும் அவ்வெண் இன்றும் ஆய்லர் மாஸ்கெரோனி மாறிலி என்றே வழங்குகிறது. அவருடைய பிழையைத் திருத்தவே மற்றவர் அக்கணக்கை இன்னும் கூர்மையாகச் செய்ய நேர்ந்தது என்பதையும் இங்கே கருத வேண்டும்.

அளவுகோலை ஏன் விலக்கினார்?

கவராயத்தை மட்டும் வைத்துக்கொண்டு வடிவியலை முழுதும் கட்ட வேண்டும் என்னும் எண்ணம் வெறும் விளையாட்டாகப் பிறந்ததன்று. அதற்கு ஒரு தொழிற்காரணம் உண்டு. அதனை மாஸ்கெரோனி தம் நூலின் முன்னுரையிலேயே குறிப்பிடுகிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் விண்மீன்களின் உயரத்தை அளக்கப் பெரிய கால்வட்டக் கருவிகள் பயன்பட்டன. இலண்டனை அடுத்த கிரீனிச் வான்காணகத்திற்காக ஜார்ஜ் கிரகாம் 1725ஆம் ஆண்டு எட்டடி ஆரமுள்ள கால்வட்டம் ஒன்றைச் செய்தார். பின்னர் ஜான் பேர்டு 1750ஆம் ஆண்டளவில் மற்றொன்றைச் செய்தார். சுவரில் பதித்த இவ்வளவு பெரிய பித்தளை வில்லில் பாகைக் கோடுகளைச் சிறிதும் பிசகாமல் பொறிப்பது எவ்வாறு? ஒரு கோடு மயிரிழை அளவு விலகினாலும் விண்மீனின் இடம் தவறாகிவிடும். கிரகாமும் பேர்டும் அளவுகோலை நம்பவில்லை. நீண்ட சட்டத்தில் இரு முனைகளைப் பொருத்திய கவராயத்தால் வில்லின் மேலேயே அடியடியாக அளந்தனர். ஆரத்தின் அளவை வட்டத்தின்மேல் எடுத்துவைத்தால் 60 பாகை கிடைக்கிறது. அதனை இருசமமாக்கினால் 30 பாகை. இரண்டையும் சேர்த்தால் கால்வட்டமாகிய 90 பாகை. கிரகாம் தம் கருவியில் 90 பாகைக்கான அளவை வரிசையோடு 96 பகுதிகள் கொண்ட மற்றொரு வரிசையையும் பொறித்தார். கால்வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கான 30 பாகையை மீண்டும் மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போனால் 96 பகுதிகள் தாமே வந்துசேரும். 90க்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சரிபார்த்தார்.

இச்செய்தியைப் படித்த மாஸ்கெரோனி, அவர்கள் கைப்பழக்கத்தாலும் சரிபார்த்துத் திருத்தியும் செய்ததை முழுமையான கணிதமாக்க விரும்பினார். அளவுகோலின் விளிம்பு உண்மையில் நேராக இருக்கிறதா என்பதை உறுதிசெய்வது கடினம். நீளம் கூடக்கூடப் பிழையும் கூடும். எழுதுகோலின் முனை விளிம்பை ஒட்டிச் செல்லும்போது சாயவும் கூடும். கவராயத்திற்கு வேண்டியது இரண்டு முனைகளும் ஆடாத மூட்டும் மட்டுமே. அது மாறாமல் நின்றால் வட்டமும் பிசகாது. ஆகவே துல்லியம் வேண்டுபவன் அளவுகோலைத் தவிர்ப்பதே நன்று என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

கவராயத்தால் நேர்க்கோடு வரைய முடியாது என்னும் தடை எழலாம். உண்மைதான். ஆனால் ஒரு கோட்டின்மேலுள்ள இரண்டு புள்ளிகள் தெரிந்துவிட்டால் அக்கோடு எது என்பது தெரிந்துவிட்டது. அதன்மேல் வேண்டிய பிற புள்ளிகளையும் கவராயத்தால் காணலாம். வடிவியல் கணக்கு ஒவ்வொன்றும் இறுதியில் கேட்பது சில புள்ளிகளையே. ஆகவே யூக்ளிடின் முறையில் அளவுகோலும் கவராயமும் கொண்டு காணக்கூடிய புள்ளி எதனையும் கவராயம் ஒன்றினாலேயே காணலாம் என்று மாஸ்கெரோனி நிறுவினார். கோடும் கோடும் வெட்டுமிடம், கோடும் வட்டமும் வெட்டுமிடம் ஆகிய இரண்டையும் வட்டங்களால் காட்டியதே அவரது நிறுவலின் உயிர்நாடி.

மையம் தேடும் ஆறு வட்டங்கள்

மையம் குறிக்கப்படாத வட்டத்தின் மையத்தைக் கவராயத்தால் காண்பது அந்நூலின் கணக்குகளுள் புகழ்பெற்றது. அதே கணக்கிற்கு இன்று எடுத்துக்காட்டப்படும் எளிய வழி ஒன்று உண்டு. தாளையும் கவராயத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு படிப்பது நல்லது. ஒரு வளையலைத் தாளில் வைத்து அதன் ஓரமாக வரைந்துகொண்டால் மையமறியா வட்டம் கிடைத்துவிடும்.

அவ்வட்டத்தின் பரிதியில் விரும்பிய இடத்தில் அ என்னும் புள்ளியைக் குறிக்க வேண்டும். அ மையமாக, அவ்வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும் ஒரு வட்டம் வரைக. வெட்டும் புள்ளிகள் க, ச எனக் கொள்க. கவராயத்தை மிகக் குறுகலாக விரித்துவிடக் கூடாது. வளையலின் ஆரத்தில் பாதிக்கு மேலும், அதன் விட்டத்திற்குக் குறைவாகவும் அது விரிந்திருக்க வேண்டும். இது முதல் வட்டம். அடுத்து, க மையமாக அ வழியே செல்லும் வட்டம். பின் ச மையமாக அ வழியே செல்லும் வட்டம். இவ்விரண்டும் அ என்னும் புள்ளியில் சந்திப்பதோடு இன்னோர் இடத்திலும் சந்திக்கும். அது த. இப்போது த மையமாக அ வழியே நான்காம் வட்டம். அது முதல் வட்டத்தை ப, ம என்னும் இடங்களில் வெட்டும். ப மையமாக அ வழியே ஐந்தாம் வட்டம், ம மையமாக அ வழியே ஆறாம் வட்டம். இவ்விரண்டும் அ அல்லாமல் மீண்டும் சந்திக்கும் புள்ளியே வளையலின் மையம்.

இது எவ்வாறு சரியாகிறது? தேடப்படும் மையத்தை வ எனக் கொள்வோம். க, ச ஆகிய இரண்டு புள்ளிகளிலிருந்தும் சமதூரத்தில் இருப்பவை அ, த, வ ஆகிய மூன்றும். ஆகவே மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளன. அகத என்னும் முக்கோணத்தில் கஅ, கத ஆகிய பக்கங்கள் சமம். வஅக என்னும் முக்கோணத்தில் வஅ, வக ஆகிய பக்கங்கள் சமம். இரண்டும் இருசமபக்க முக்கோணங்கள். அ என்னும் முனையிலுள்ள அடிக்கோணம் இரண்டிற்கும் பொது. எனவே அவை வடிவொத்தவை. அதனால் அத, அவ ஆகிய நீளங்களின் பெருக்கல், அக என்னும் நீளத்தின் வர்க்கத்திற்குச் சமமாகிறது. த, ப ஆகிய புள்ளிகளைக் கொண்டும் இதே வாதத்தைத் திரும்ப நடத்தலாம். கடைசியில் கிடைத்த புள்ளிக்கும் அ என்னும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை அத என்னும் நீளத்தால் பெருக்கினால் அப என்னும் நீளத்தின் வர்க்கம் வரும். அப, அக இரண்டும் முதல் வட்டத்தின் ஆரங்களே. ஆகவே கடைசிப் புள்ளி வ என்னும் இடத்திலேயே விழுந்தாக வேண்டும்.

எண்ணாலும் சரிபார்க்கலாம். வளையலின் ஆரம் 5 செ.மீ., கவராயம் விரிந்த அளவு 6 செ.மீ. எனில், அத என்பது 36ஐ 5ஆல் வகுத்துவரும் 7.2 செ.மீ. பின்னர் 36ஐ 7.2ஆல் வகுத்தால் 5 செ.மீ. தொடங்கிய ஆரமே திரும்பக் கிடைத்துவிட்டது. கவராயத்தை விரித்த அளவு தற்செயலாக வளையலின் ஆரத்தோடு ஒத்துவிட்டால் என்ன நிகழும்? த என்னும் புள்ளியே மையமாக அமைந்துவிடும். நான்காம் வட்டம் வளையல் வட்டத்தின் மேலேயே படிந்து உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

அளவுகோலை நீக்கிவிட்டுக் கவராயத்தால் மையம் காணலாம் எனில், கவராயத்தை நீக்கிவிட்டு அளவுகோலால் மட்டும் காண முடியுமா என்று கேட்பது இயல்பு. முடியாது. ஒரே வட்டம் தரப்பட்டிருக்கும்போது அதன் மையத்தை நேர்விளிம்பு ஒன்றினால் மட்டும் காண்பது எக்காலத்தும் இயலாது என்பதைப் பிற்காலத்தில் ஹில்பர்ட்டு நிறுவிக் காட்டினார். ஆனால் மையத்தோடு கூடிய ஒரு வட்டம் தாளில் முன்பே வரையப்பட்டிருந்தால், பிற புள்ளிகள் அனைத்தையும் நேர்விளிம்பால் காணலாம் என்று 1833ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்டைனர் காட்டினார். ஒரு மையம் தெரிந்திருப்பதன் மதிப்பை இது உணர்த்துகிறது.

தளபதியும் பேராசிரியரும்

மாஸ்கெரோனியின் வாழ்வு அமைதியான வகுப்பறைக்குள் முடிந்துவிடவில்லை. 1796ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படையுடன் நெப்போலியன் வட இத்தாலிக்குள் நுழைந்தார். மே 10ஆம் நாள் லோதிப் பாலத்தில் ஆஸ்திரியப் படையை வென்றார். அதே மாதம் பாவியாவில் எழுந்த கிளர்ச்சியைப் பிரெஞ்சுப் படை ஒடுக்கி, நகரைச் சூறையாடியது. மறு ஆண்டு மிலான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு சிசால்பீனக் குடியரசு அமைந்தது. மாஸ்கெரோனி அக்குடியரசின் சட்டமன்ற உறுப்பினரானார். கவராய வடிவியல் நூலும் அதே 1797ஆம் ஆண்டு பாவியாவில் வெளிவந்தது. நூலின் முகப்பில் நெப்போலியனைப் புகழும் பாடல் ஒன்றை எழுதிச் சேர்த்து, அவருக்கே அதனைக் காணிக்கையாக்கினார். தம் நகரைச் சூறையாடிய படையின் தலைவரைப் பாடியதை எளிதில் ஏற்க முடியாதவரும் இருப்பர். பழைய ஆட்சியிலிருந்து விடுதலை தருபவர் என்று நெப்போலியனை நம்பிய இத்தாலிய அறிஞர் பலருள் அவரும் ஒருவர் என்பதை மறந்துவிடலாகாது.

நெப்போலியனுக்குக் கணிதத்தில் உண்மையான ஆர்வம் இருந்தது. பீரங்கிப் படைக்கான பயிற்சியில் அவர் கற்ற முதன்மைப் பாடம் அதுவே. 1797ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிசுக்குத் திரும்பியபோது, லக்ராஞ்சு, லப்லாஸ் ஆகிய பெருங்கணிதர் இருந்த அவையில் அவர் மாஸ்கெரோனியின் முறைகளை எடுத்துரைத்தார். அவர்கள் இருவரும் அதுவரை அவற்றை அறிந்திருக்கவில்லை. தளபதியிடமிருந்து வேறு எதனை எதிர்பார்த்தாலும் வடிவியல் பாடத்தைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்று லப்லாஸ் வியந்ததாகச் சொல்லும் கதை உண்டு. 1785ஆம் ஆண்டு இராணுவப் பள்ளியில் நெப்போலியனைத் தேர்வு செய்தவர் இதே லப்லாஸ்தான் என்பதை எண்ணும்போது கதையின் சுவை கூடுகிறது.

மையம் தெரிந்த வட்டத்தைக் கவராயத்தால் மட்டும் நான்கு சமபங்காகப் பிரிக்கும் கணக்கு நெப்போலியன் கணக்கு என்று வழங்குகிறது. அதன் விடை எளியது. ஆரத்தின் அளவைப் பரிதியில் மூன்று முறை எடுத்துவைத்தால் தொடக்கப் புள்ளிக்கு நேரெதிர்ப் புள்ளி கிடைக்கும். தொடக்கப் புள்ளிக்கும் இரண்டாம் எட்டில் வந்த புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கவராயத்தில் எடுத்து, தொடக்கப் புள்ளியிலிருந்தும் எதிர்ப்புள்ளியிலிருந்தும் விற்கள் வரைந்தால் அவை ஓரிடத்தில் வெட்டும். அவ்விடத்திற்கும் மையத்திற்கும் உள்ள தூரமே வட்டத்துள் அமையும் சதுரத்தின் பக்கம். ஆரம் 1 எனில், எடுத்த தூரத்தின் வர்க்கம் 3. பிதாகரசின் தேற்றப்படி அதிலிருந்து 1ஐக் கழித்தால் 2. சதுரப் பக்கத்தின் வர்க்கமும் 2. கணக்கின் பெயர் தளபதிக்குப் போனாலும் அதன் உரிமை பேராசிரியருக்கே உரியது. நெப்போலியன் வாயிலாகப் பரவிய புகழால் நூல் மறு ஆண்டே பிரெஞ்சில் வெளிவந்தது. அதனை மொழிபெயர்த்தவர் கரெத்து.

பாரிசில் கழிந்த இறுதி ஆண்டுகள்

புரட்சிக்குப் பின் பிரான்சு புதிய அளவைமுறை ஒன்றை வகுத்துக்கொண்டிருந்தது. வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவின் கோடியில் ஒரு பங்கை மீட்டர் என வரையறுத்தனர். அதனை முடிவுசெய்யப் பல நாட்டு அறிஞர்களையும் 1798ஆம் ஆண்டு பாரிசுக்கு அழைத்தனர். சிசால்பீனக் குடியரசின் சார்பில் சென்றவர் மாஸ்கெரோனி. டென்மார்க்கின் சார்பில் வானியலாளர் தாமஸ் புக்கே வந்திருந்தார். துன்கெர்க்கு முதல் பார்சலோனா வரை டெலாம்பரும் மெஷேனும் அளந்து கொணர்ந்த அளவுகளை அவையோர் ஆராய்ந்தனர். 1799ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் பிளாட்டினத்தாலான மீட்டர்க் கோல் பிரெஞ்சு அரசின் ஆவணக்காப்பகத்தில் வைக்கப்பட்டது. அளவுகோல் வேண்டா என்று நூல் எழுதியவர், உலகுக்கே ஓர் அளவுகோல் வகுத்த அவையில் அமர்ந்திருந்தார்.

அக்கோல் முடிவாவதற்கு முன்பே அவர் நாடு கைமாறிவிட்டது. 1799ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆஸ்திரிய, இரஷ்யப் படைகள் மிலானைக் கைப்பற்றின. குடியரசு கலைந்தது. அக்குடியரசின் சட்டமன்றத்தில் இருந்தவருக்குத் திரும்பிச் செல்ல வழியில்லாமல் போயிற்று. பெர்காமோவும் பாவியாவும் பகைவர் ஆட்சியில் இருக்க, அவர் பாரிசிலேயே தங்கிவிட்டார். 1800ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் மரெங்கோ போரில் நெப்போலியன் வென்று வட இத்தாலியை மீட்டார். வழி திறந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 14ஆம் நாள், ஐம்பது வயதில் மாஸ்கெரோனி பாரிசில் உயிர்நீத்தார். நண்பரான கவிஞர் வின்சென்சோ மொந்தி அவர் மறைவைப் பொருளாகக் கொண்டு பாடிய நெடும்பாடல் இத்தாலிய இலக்கியத்தில் நிலைபெற்றது.

கோபன்ஹேகன் புத்தகக்கடை

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கவராய வடிவியலின் முதல்வர் மாஸ்கெரோனியே என்று உலகம் கொண்டிருந்தது. 1890ஆம் ஆண்டு ஆஸ்திரியக் கணிதர் அட்லர், வட்டத்தின் உள்ளிருக்கும் புள்ளிகளை வெளியேயும் வெளியிருப்பவற்றை உள்ளேயும் மாற்றும் உருமாற்றத்தைக் கொண்டு அதே முடிவை வேறு வகையில் நிறுவினார். மையம் காணும் ஆறு வட்ட வழியின் அடிப்படையும் அவ்வுருமாற்றமே.

1928ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், பழைய புத்தகக்கடை ஒன்றில் ஒரு மாணவர் ஒரு சிறு நூலைக் கண்டெடுத்தார். அதன் பெயர் யூக்ளிடெஸ் தானிக்கஸ். 1672ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் தேனிய மொழியிலும் டச்சு மொழியிலும் அச்சாகியிருந்த அந்நூலை எழுதியவர் ஜார்ஜ் மோர். மாணவர் அதனைக் கணிதப் பேராசிரியர் யெல்ம்ஸ்லெவிடம் காட்டினார். படித்துப் பார்த்த யெல்ம்ஸ்லெவ் வியந்தார். அளவுகோலும் கவராயமும் கொண்டு செய்யக்கூடிய அனைத்தையும் கவராயத்தால் மட்டும் செய்யலாம் என்னும் உண்மையை, மாஸ்கெரோனிக்கு 125 ஆண்டுகளுக்கு முன்பே மோர் நிறுவியிருந்தார். நூல் அச்சாகியும் அதன் பொருளை உணர்ந்தவர் இல்லை; 1697ஆம் ஆண்டு மோர் இறந்த பின்னர் அது முற்றிலும் மறைந்துபோயிற்று. பாரிசில் மாஸ்கெரோனி இருந்த அவைக்கு டென்மார்க்கிலிருந்து ஒருவர் வந்திருந்தும், அங்கே அந்நூலின் பெயர் எழவில்லை.

மாஸ்கெரோனி பிறர் உழைப்பைக் கவர்ந்தார் என்று எவரும் குறை கூறவில்லை. இருவர் சென்ற வழிகளும் வேறுவேறானவை. மோரின் நூல் யூக்ளிடின் கணக்குகளை வரிசையாகச் செய்துகாட்டுகிறது. மாஸ்கெரோனியின் நூல் கிரகாம், பேர்டு ஆகியோரின் பித்தளை வில்லிலிருந்து தொடங்கித் துல்லியத்தைத் தேடுகிறது. யெல்ம்ஸ்லெவ் மோரின் நூலை ஜெர்மானிய மொழிபெயர்ப்புடன் அதே ஆண்டு மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். அதன்பின் அத்தேற்றம் இருவர் பெயரையும் சேர்த்து மோர் மாஸ்கெரோனி தேற்றம் என வழங்கலாயிற்று.